மூன்று படமா, ஒரே படமா? மலை வெளிச்சத்தில் எச்.டி.ஆர். பழகத் தொடங்குபவருக்கு

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் எங்கள் பெரியம்மா வீட்டு அடுப்படிக்கு ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், அதற்கும் கீழே வரிசை வரிசையாக ஓட்டு வீடுகள், எதிரே வெயிலில் குளித்து நிற்கும் மலைச்சரிவு. உள்ளே விறகடுப்பு, பல வருடப் புகை ஏறிக் கறுத்த சுவர், உத்திரத்தில் கட்டித் தொங்கும் பூண்டுக் கொத்துகள். போன டிசம்பரில் அண்ணன் மகள் மதுரையிலிருந்து வந்திருந்தாள். கையில் யாரிடமோ பழையதாக வாங்கிய கேமரா. அடுப்படி வாசலில் நின்று ஒரு படம் எடுத்தாள். பெரியம்மாவும் அடுப்பும் வந்தார்கள், ஜன்னல் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. மறுபடி எடுத்தாள். வயல் வந்தது, அடுப்படியைக் காணவில்லை.

"சித்தப்பா, இதற்குத்தான் எச்.டி.ஆர். வேண்டும் என்கிறார்களா? போனிலேயே ஆகும் என்கிறாள் ஒரு தோழி. மூன்று படம் எடுத்து ஒட்ட வேண்டும் என்கிறான் வகுப்புப் பையன். ஒரு ரா படமே போதும் என்கிறது ஒரு வீடியோ. நான் எதில் தொடங்குவது?"

எச்.டி.ஆர். என்பது ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம்: மிக வெளிச்சமான இடமும் மிக இருட்டான இடமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுப்பது. ரா என்பது கேமராவின் சென்சார் பிடித்த வெளிச்சத்தை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு. கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் சிறிய ஸ்டுடியோ வைத்துப் பிழைப்பவன் நான். பாதி நாள் பாஸ்போர்ட் படம், மீதி நாள் கல்யாண ஆல்பம். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் அவளுக்கு முன்பும் உண்டு. அப்போதெல்லாம் எந்தச் சாப்ட்வேர் நல்லது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது தவறான பதில் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. எதை வாங்குவது, எதை இறக்கிக்கொள்வது என்பதெல்லாம் பிறகு. படத்துக்குள் எவ்வளவு வெளிச்ச வித்தியாசம் இருக்கிறது, எது அசைகிறது என்ற இரண்டும் தெரிந்தால் வழி தானாகவே தெரிந்துவிடும். அதிலும் எங்கள் மலையில் அசையாத பொருள் மிகக் குறைவு.

அதனால் முதலில் அவளை அளக்கச் சொன்னேன். கேமராவின் வெளிச்ச மீட்டரைச் சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் முறைக்கு மாற்றி, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரத்தின் அளவு) எஃப் 8 என்று வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த சரிவைக் குறிபார்த்தாள். மீட்டர் 1/1000 வினாடி கேட்டது. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். அரை வினாடி கேட்டது. 500, 250, 125, 60, 30, 15, 8, 4, 2 என்று விரல் மடக்கி எண்ணினாள். ஒன்பது படி. புகைப்படக்காரர்கள் இதை ஸ்டாப் என்பார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பும் இரட்டிப்பு. ஒன்பது ஸ்டாப் என்றால் வெளியே உள்ள வெளிச்சம் உள்ளே இருப்பதைப் போல 512 மடங்கு. இவ்வளவுக்கும் நம் கண்ணுக்கு அந்த அடுப்படி ஒன்றும் இருட்டாகத் தெரியவில்லை. கண் இங்கும் அங்கும் மாறி மாறிப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேமரா ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

இது டிஜிட்டல் காலத்துத் தலைவலியும் இல்லை. பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். இருட்டறை இருந்த காலத்தில் என் அப்பா, கம்பி முனையில் அட்டை வட்டம் ஒட்டி, படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரின் வெளிச்சத்தில் முகத்துக்கு மட்டும் நிழல் காட்டி ஆட்டிக்கொண்டிருப்பார். முகம் கறுத்துவிடாமல் இருக்க அது ஒரு கைவேலை. எச்.டி.ஆர். என்பது அந்த அட்டை வட்டத்தின் பேரன்தான்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். புதிய போன்களிலும் டி.வி.க்களிலும் எச்.டி.ஆர். என்று எழுதியிருப்பது திரையைப் பற்றியது. வழக்கத்தைவிட அதிகப் பிரகாசத்தை அந்தத் திரை காட்டும் என்பது அதன் பொருள். ஆண்ட்ராய்டு 14 முதல் சில போன் படங்கள் அந்தக் கூடுதல் பிரகாசத் தகவலையும் சேர்த்தே சேமிக்கின்றன. அதனால்தான் ஒரு போனில் ஜொலிக்கும் படம் இன்னொன்றில் சாதுவாகத் தெரிகிறது. நாம் இங்கே பேசுவது அதையல்ல. அதிக வெளிச்ச வித்தியாசம் உள்ள காட்சியைச் சாதாரணத் திரையிலும் தாளிலும் அடங்கும்படி எடுப்பதைப் பற்றி.

முதல் வழி போன். ஏளனமாகப் பேசுவதற்கு இல்லை. 2010இல் ஐபோனிலும், 2013இல் கூகுளின் நெக்சஸ் போனிலும் வந்த வசதி இன்று ஏறக்குறைய எல்லாப் போனிலும் இருக்கிறது. கூகுள் பிடித்த வழி சாமர்த்தியமானது. இருட்டு, நடு, வெளிச்சம் என்று மூன்று விதமாக எடுப்பதற்குப் பதிலாக, வானம் வெளுத்துவிடாத அளவுக்குக் குறைந்த வெளிச்சத்தில் பல படங்களைச் சரசரவென்று எடுத்து, துண்டு துண்டாகப் பொருத்தி அடுக்குகிறது. அடுக்கும்போது இருட்டுப் பகுதியின் மணல் மணலான புள்ளிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குறைகின்றன. பிறகு நிழலைத் தூக்கிவிடுகிறது. கை நடுங்கினாலும், ஆள் அசைந்தாலும் சமாளிக்கிறது. அந்த அடுப்படியில் அண்ணன் மகளின் போன், அவள் கேமராவின் முதல் இரண்டு படங்களையும் தோற்கடித்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பழகுபவருக்குப் போன் வாத்தியார் ஆகாது. சமைத்த சாப்பாட்டைத் தட்டில் வைக்கிறதே தவிர அடுப்படிப் பக்கம் நம்மை விடுவதில்லை. எந்த நிழலை எவ்வளவு தூக்குவது என்று முடிவெடுப்பது அது. இன்னொரு குறை, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் உறைக்கும் குறை: பல போன்களுக்குப் பனிமூட்டம் பிடிப்பதில்லை. மூட்டத்தைக் குறை என்று நினைத்துக்கொண்டு துடைத்துவிடுகிறது. மலை ஓர நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் பத்தடி தூரத்து ஆள் கரைந்து நிற்கும் அழகைப் படம் எடுத்தால், ஆளின் ஓரமெல்லாம் கத்தரித்து ஒட்டியது போல் வருகிறது. போனில் நாமே அளவுகளை வைக்கும் புரோ முறையும் ரா வசதியும் இருந்தால் கதை வேறு. அப்போது அது சின்னக் கேமராதான், கீழே ரா பற்றிச் சொல்வது அதற்கும் பொருந்தும்.

இரண்டாவது வழி, கேமராவுக்குள்ளேயே இருக்கும் எச்.டி.ஆர். பொத்தான். இரண்டு மூன்று படம் எடுத்துத் தானே சேர்த்து ஒரு ஜேபெக் கொடுக்கும். போனைவிட மெதுவாக, போனைவிட மோசமாக. பழகுவதற்கும் உதவாது, பயன்பாட்டுக்கும் உதவாது. தாண்டிப் போகலாம்.

மூன்றாவது, பாதி கறுப்பான கண்ணாடியை லென்ஸ் முன்னால் மாட்டி வானத்தை மட்டும் மட்டுப்படுத்தும் கிராஜுவேட்டட் ஃபில்ட்டர். கடற்கரையில் இதற்கு இணை கிடையாது. அங்கே வானமும் கடலும் நேர்கோட்டில் பிரிகின்றன. இங்கே பெருமாள் மலை கூம்பாக எழுந்து நிற்கிறது. கண்ணாடியின் கறுப்புப் பாதி வானத்தோடு மலை உச்சியையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடும். போதாததற்கு மூட்டம் வந்தால் கண்ணாடியில் நீர் முத்து கட்டிவிடும், துடைக்கத் துடைக்கக் கட்டும். என் பையில் ஒன்று பல வருடமாகத் தூங்குகிறது. யாருக்காவது இராமேஸ்வரம் போகும்போது இரவல் கொடுக்கலாம்.

நிஜமான போட்டி அடுத்த இரண்டுக்கும் நடுவில்தான். ஒரே ஒரு ரா படமா, பல எக்ஸ்போஷர்களில், அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, எடுத்துச் சேர்ப்பதா.

ஜேபெக் படம் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளைத்தான் வைத்துக்கொள்கிறது. 14 பிட் ரா கோப்பு 16,384 வைத்துக்கொள்கிறது. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான் விஷயம். சென்சார் வெளிச்சத்தைக் கணக்குப் பிசகாமல் எண்ணுகிறது. அதனால் மிக வெளிச்சமான முதல் ஸ்டாப்புக்கு மட்டுமே பாதி, அதாவது 8,192 படிநிலைகள் போய்விடுகின்றன. அடுத்ததற்கு 4,096. அதற்கடுத்ததற்கு 2,048. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து, பத்தாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 16. பந்தியில் முதலில் உட்கார்ந்தவர் இலை நிறைய வாங்கிக்கொண்ட பிறகு கடைசி வரிசைக்குப் பருக்கை எண்ணிப் போடுவது போல. நிழலை மிக அதிகமாகத் தூக்கினால் அது மணல் மணலாக உதிர்வது இதனால்தான். சென்சாரின் சொந்த இரைச்சலும் அங்கேதான் குடியிருக்கிறது.

எனவே ஒரே படத்தில் முடிக்க நினைப்பவர் செய்ய வேண்டியது, வெளிச்சமான பகுதி வெளுத்துவிடாத எல்லை வரை எக்ஸ்போஷரை ஏற்றுவது. ஹிஸ்டோகிராம் என்று கேமராத் திரையில் ஒரு மலைத்தொடர் போலத் தெரியுமே, இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம், அதன் வலது முனை சுவரை உரசி நிற்க வேண்டும், இடித்துவிடக் கூடாது. திரையில் காட்டுவது கேமரா தயாரிக்கும் ஜேபெக்கின் கணக்கு. ராவில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் இருக்கும். எவ்வளவு என்பதை உங்கள் கேமராவில் நீங்களே பத்துப் படம் எடுத்துத் தெரிந்துகொள்ளலாம். பிறகு வீட்டில் வெளிச்சத்தை இறக்கி, நிழலைத் தூக்கினால் முடிந்தது. ரா படத்தைத் திருத்தும் சாப்ட்வேர்களில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். இன்றைய கேமராக்களில் நல்ல சென்சார் 12 முதல் 14 ஸ்டாப் வரை தாங்குகிறது, அதில் கடைசிச் சில ஸ்டாப்புகள் மணலாக இருந்தாலும். அது பழைய ஃபிலிம் ஸ்லைடுகளில் வேலை செய்தவனுக்குக் கொடை.

இதன் பெரிய பலம் அது ஒரே ஒரு கணம் என்பது. தைலமரத்து இலை ஆடினால் ஆடட்டும். மூட்டம் ஓடினால் ஓடட்டும். குதிரைக்காரர் குறுக்கே வந்தால் அவரும் ஒரே ஆளாகத்தான் வருவார்.

பல படம் எடுத்துச் சேர்ப்பதில் இதுதான் சிக்கல். பிராக்கெட்டிங் என்று கேமராவில் ஒரு அமைப்பு உண்டு. ஒரு படம் மீட்டர் சொன்னபடி, ஒன்று இரண்டு ஸ்டாப் குறைத்து, ஒன்று இரண்டு ஸ்டாப் கூட்டி. வித்தியாசம் இன்னும் அதிகமென்றால் ஐந்து. பூம்பாறை அடுப்படிக்கு ஐந்து தேவைப்பட்டது: 1/1000, 1/250, 1/60, 1/15, 1/4. முதல் தடவை அண்ணன் மகள் கையிலேயே வைத்து எடுத்தாள். சேர்த்துப் பார்த்தால் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு மூன்று கை, புகை தகரத் தகடு போல் அங்கங்கே வெட்டுப்பட்டிருந்தது. இதற்குப் பேய் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் ஆங்கிலத்தில். பேயோட்டும் வசதியும் சாப்ட்வேரில் இருக்கிறது. அசைந்த இடத்தில் ஐந்தில் ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த இடம் மட்டும் தனியாகக் கொரகொரவென்று தெரியும். ஓட்டிய பேய் தடயம் விட்டுத்தான் போகிறது.

முறையாகச் செய்தால் என்ன வேண்டும்? முதலில் முக்காலி. இல்லாவிட்டால் எதன் மேலாவது வைத்தல். அப்பர்ச்சர் பிரையாரிட்டி முறை, ஏனென்றால் படத்துக்குப் படம் மாற வேண்டியது ஷட்டர் நேரம் மட்டும்தான். அப்பர்ச்சர் மாறினால் தெளிவின் ஆழமும் மாறி ஒன்றோடொன்று பொருந்தாது. ஐ.எஸ்.ஓ.வைப் பூட்ட வேண்டும், தானாக மாற விடக் கூடாது. ஃபோகஸையும் ஒருமுறை பிடித்துவிட்டுக் கைமுறைக்கு மாற்றிவிட வேண்டும். வெள்ளைச் சமநிலையை ஒன்றில் நிறுத்த வேண்டும். பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமர். தொடர் ஷூட்டிங்கில் வைத்தால் ஐந்தும் ஒரே மூச்சில் முடியும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா கோப்பு 25 எம்.பி. அளவுக்கு வரும். ஐந்தைந்தாக எடுத்தால் ஒரு காலையில் மெமரி கார்டு நிறைந்துவிடும், பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

சேர்ப்பதிலும் இரண்டு பாதைகள் இருக்கின்றன, தொடங்குபவருக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. ஒன்று, 1997இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழி. எல்லாப் படங்களையும் வைத்து, காட்சியில் உண்மையில் இருந்த வெளிச்சத்தின் வரைபடத்தையே கணக்கிட்டு எடுப்பது. அந்த வரைபடம் எந்தச் சாதாரணத் திரைக்குள்ளும் அடங்காது. அதனால் அடுத்த கட்டமாக அதை நசுக்கி அடக்க வேண்டும். அந்த நசுக்கலுக்கு டோன் மேப்பிங் என்று பெயர். எச்.டி.ஆருக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கட்டம்தான். மரத்தின் விளிம்பைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம், அடிபட்டுக் கன்றிய தோல் போன்ற மேகம், எண்ணெய் தேய்த்த முகங்கள். ஃபோட்டோமேட்டிக்ஸ் போன்ற சாப்ட்வேர்களில் இதற்கு ஏகப்பட்ட ஸ்லைடர்கள். அந்த ஆர்வம் எனக்கு வந்த புதிதில் தூண் பாறையை இப்படி ஒரு படம் செய்து ஸ்டுடியோ கண்ணாடியில் மாட்டிவைத்தேன். 400 அடி உயரப் பாறைகள் மூன்றும் தீப்பிடித்தது போல் நின்றன. என் மனைவி சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்?" என்று கேட்டாள். குரங்கு கையில் பூமாலை என்பதை, குரங்குகள் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு நானே நிரூபித்தேன்.

இன்னொரு பாதை 2007இல் மெர்ட்டன்ஸ், கௌட்ஸ், வான் ரீத் என்ற மூவர் சொன்ன எக்ஸ்போஷர் ஃபியூஷன். இது வெளிச்ச வரைபடம் எதையும் கட்டுவதில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, இங்கே விவரம் தெளிவாக இருக்கிறதா, நிறம் நன்றாக இருக்கிறதா, ரொம்ப வெளுக்காமலும் கறுக்காமலும் இருக்கிறதா என்று மதிப்பெண் போட்டு, நல்ல புள்ளிகளுக்கு அதிகப் பங்கு கொடுத்துக் கலக்கிறது. ஹியூகின் என்ற இலவச சாப்ட்வேரோடு வரும் என்ஃபியூஸ் இந்த வேலையைச் செய்யும். கெடுப்பதற்கு அதிக வாய்ப்புத் தராது என்பதே அதன் பெரிய குணம். படம் சற்றே தட்டையாக வரும். பிறகு கொஞ்சம் கறுப்பை ஏற்றினால் சரியாகிவிடும். லைட்ரூம் சாப்ட்வேரில் 2015 முதல் இருக்கும் எச்.டி.ஆர். மெர்ஜ் வேறு மாதிரி. ஐந்து ராவையும் சேர்த்து, ஒரு ரா போலவே கையாளக்கூடிய புதிய கோப்பைத் தருகிறது. வசதியில் அதுதான் முதல், ஆனால் மாதா மாதம் சந்தா கட்ட வேண்டும். பழகும் பிள்ளைக்கு நான் என்ஃபியூஸைத்தான் கொடுப்பேன்.

ஆறாவது வழி ஒன்றும் உண்டு: இரண்டு படங்களைக் கிம்ப் போன்ற சாப்ட்வேரில் அடுக்கி, எங்கே எது தெரிய வேண்டுமென்று தூரிகையால் நாமே தீட்டுவது. அப்பாவின் அட்டை வட்டத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஜன்னல் சட்டம் போல நேரான விளிம்பு இருந்தால் அரை மணியில் முடியும், முடிவும் மற்ற எல்லாவற்றையும்விட அழகாக இருக்கும். மரக்கிளைகளுக்கு நடுவே வானம் என்றால் கண் பூத்துவிடும். முதல் மாதத்துக்கு வேண்டாம்.

இப்போது இதையெல்லாம் மலைமேல் கொண்டுபோய் வைத்துப் பார்க்கலாம்.

ஊரையே மூடும் மூட்டத்தில் எச்.டி.ஆர். தேவையே இல்லை. மூட்டம் என்பதே இயற்கை கட்டிய வெள்ளைத் துணி. இருட்டையும் வெளிச்சத்தையும் அதுவே அருகருகே கொண்டுவந்துவிடுகிறது. அளந்து பார்த்தால் முழுக் காட்சியும் நான்கைந்து ஸ்டாப்புக்குள் அடங்கியிருக்கும், ஹிஸ்டோகிராம் நடுவில் ஒரு சின்னக் குன்றாக நிற்கும். இதைப் பிராக்கெட் செய்து சேர்த்தால் மூட்டம் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு மாறிவிடும். கோக்கர்ஸ் வாக்கில் சில காலைகளில் முதுகுக்குப் பின்னால் வெயிலும் முன்னால் பள்ளத்தில் மூட்டமும் இருக்கும்போது, நம் நிழலே மூட்டத்தில் விழுந்து அதைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். புரோக்கன் பூதம் என்பார்கள். அது அரை நிமிடம் நிற்கும், பிறகு இருக்காது. அதற்கு ஒரே படம், போனாக இருந்தாலும் சரி.

சூரியன் எழும் நேரத்தில் வான விளிம்புக்கும் கால் மாட்டுச் சரிவுக்கும் வித்தியாசம் எட்டு ஒன்பது ஸ்டாப்பைத் தொடும். கீழே சமவெளியில் மேகக் கடல் இருந்தால் அது மெல்ல நகரும். மூன்று படத்தை ஒரே மூச்சில் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கும், காற்று இல்லாத காலையாக இருந்தால். நான் இங்கே இரண்டையும் செய்கிறேன். பிராக்கெட் எடுப்பேன், அதில் வானம் வெளுக்காத படத்தைத் தனியாக வைத்துக்கொள்வேன். பல நாள் ஒட்டாமல் அந்த ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துளை (ஆப்டிகல் வியூஃபைண்டர்) வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வரும் ஆய்வகம் இதே ஊரில்தான் இருக்கிறது. அவர்கள்கூட வெறும் கண்ணை லென்ஸில் வைப்பதில்லை.

சோலைக்காட்டின் ஓரத்தில் நிலைமை தந்திரமானது. உள்ளே பாசி பிடித்த மரம், கரும்பச்சை. மேலே இலை இடுக்கில் வானம் ஊசி ஊசியாகக் குத்தும். மீட்டர் பன்னிரண்டு ஸ்டாப் காட்டினாலும் பயப்பட வேண்டாம். அந்த ஊசித் துளைகள் வெளுத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எல்லா வெளிச்சத்தையும் காப்பாற்றியே தீருவேன் என்பது தொடங்குபவரின் வியாதி. பைன் காட்டிலும் இதே கதை. கேமராவை ஒரு சாண் கீழே இறக்கி வானத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மன்னவனூர் புல்வெளியில் நண்பகலில் எடுப்பவர்களுக்கு: வித்தியாசம் இருப்பது போல் தெரியும், ஒரே ரா தாராளமாகத் தாங்கும். உயரத்துக் காற்று தெளிவானது, வானம் ஏற்கெனவே ஆழ்ந்த நீலமாக இருக்கிறது. அதை மேலும் கறுக்க வைக்காதீர்கள்.

வீட்டுக்குள், கோயில் மண்டபத்துக்குள், பழைய பங்களா வராந்தாவில் பிராக்கெட்தான். சுவர் அசையாது, தூண் அசையாது, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருப்பது அசைந்தாலும் தெரியாது. ஒன்பது பத்து ஸ்டாப்பை வேறு எதனாலும் இவ்வளவு சுத்தமாகக் கையாள முடியாது. முக்காலி வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வையுங்கள். சில இடங்களில் விடமாட்டார்கள். வனத்துறைப் பகுதி என்றால், பேரிஜம் போல, உள்ளே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு ஊருக்குள் வரவே இ-பாஸ். இதையெல்லாம் முதல்நாளே முடித்துக்கொண்டால் விடியல் வெளிச்சத்தைக் கோட்டைவிடாமல் இருக்கலாம்.

குளிர் பற்றி ஒரு வரி. டிசம்பர், ஜனவரியில் பேட்டரி பாதி வழியில் படுத்துவிடும். இன்னொன்றைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியே ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் வியர்த்துவிடும்.

பயிற்சி வகுப்புக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒருமுறை நானும் பணம் கட்டி ஒரு வார இறுதி வகுப்பில் உட்கார்ந்தேன். இரண்டு நாளும் சொல்லிக் கொடுத்தவருடைய ஸ்லைடர் எண்களை எழுதிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்து என் படத்தில் அதே எண்களைப் போட்டேன், அசிங்கமாக இருந்தது. அவர் படத்தின் வெளிச்சம் வேறு, என் படத்தின் வெளிச்சம் வேறு. வகுப்பு எடுப்பவர் உங்களைக் காலை ஆறு மணிக்கு வெளியே கூட்டிப்போய் மீட்டரைப் பிடித்து எண்ண வைப்பார் என்றால் போங்கள்.

ஆக, அண்ணன் மகளுக்கு நான் சொன்ன வரிசை இது. முதல் இரண்டு வாரம் ஒட்டும் வேலையே கூடாது. தினமும் ஒரு காட்சி, அளவை நோட்டில் எழுதி, ஒரே ரா. காட்சி எத்தனை ஸ்டாப் என்பதும், வீட்டில் நிழல் எவ்வளவு தூக்கியபோது மணலாயிற்று என்பதும் நோட்டில் இருக்க வேண்டும். உன் கேமரா எத்தனை ஸ்டாப் தாங்கும் என்று விளம்பரத் தாள் சொல்வதைவிட அந்த நோட்டு சரியாகச் சொல்லும். எந்தக் காட்சியில் ஒரு படம் கைவிடுகிறதோ, அங்கே மட்டும் பிராக்கெட். அதையும் அசையாத இடத்தில் தொடங்கு. சேர்ப்பது என்ஃபியூஸில். டோன் மேப்பிங் ஸ்லைடர்களை ஆறு மாதம் தொடாதே. போனைத் தூக்கிப் போட வேண்டாம். அதே காட்சியை அதிலும் எடுத்துவைத்துக்கொண்டு, அது எங்கே உன்னைவிட நன்றாகச் செய்தது, எங்கே பொய் சொன்னது என்று பார்.

"இரண்டு வாரமா? பொங்கலுக்கு முன்பு ஒன்றும் காட்ட முடியாதே சித்தப்பா" என்றாள். கோபம்தான். ஆனாலும் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள் மறுபடி பூம்பாறைக்குப் போகலாம் என்று அவளே கூப்பிட்டாள்.

முக்காலியை நான் ஸ்டுடியோவிலேயே மறந்துவிட்டேன். அடுப்படி மூலையில் இருந்த அரிசி டின்னின் மேல் இரண்டு சாக்கை மடித்துப் போட்டுக் கேமராவை உட்கார வைத்தாள். பெரியம்மாவை அரை நிமிடம் சும்மா உட்காரச் சொன்னாள். "உலை கொதிக்கிறது, சீக்கிரம் எடு" என்று அவர் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார். டைமர், பிறகு டக் டக் என்று ஐந்து. இரவில் என் கம்ப்யூட்டரில் ஐந்தையும் சேர்த்துப் பார்த்தாள். வயலும் வந்திருந்தது, பூண்டுக் கொத்தின் காய்ந்த தாள் ஒவ்வொன்றும் வந்திருந்தது, ஆனால் சுவர் சாம்பல் பூசியது போல் வெளிறியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு 1/4 வினாடிப் படத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, மீதி நான்கை மட்டும் மறுபடி சேர்த்தாள். கரிச் சுவர் கறுப்பாகவே இருந்தது, அதன் முன்னால் பெரியம்மாவின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருந்தது.